'போல' என்னும் உருபும் பெயரற்ற தோலும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்களத்தை முன்வைத்துத் தன்னயன்மை, ஆள்நீக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தன் உடலும் உள்ளமும் தன்னுடையவை அல்லாதன போலத் தோன்றும் நிலையை உளமருத்துவம் 'டிபெர்சனலைசேஷன்' என்கிறது. பிறர் ஒருவரை ஆளாகக் கருதாமல் பொருளாக நடத்துவதையும் சமூக ஆய்வுகள் இதே சொல்லால் குறிக்கின்றன. தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பது திறனாய்வுக்கும் நலம் நாடும் முயற்சிக்கும் இடர் தருகிறது. முன்னதைத் 'தன்னயன்மை' என்றும், பின்னதை 'ஆள்நீக்கம்' என்றும் இக்கட்டுரை பிரித்து வழங்குகிறது. தன்னயன்மையின் பேச்சில் 'போல' என்னும் உவம உருபு நிற்பதையும், ஆள்நீக்கத்தின் பேச்சில் அது இல்லாமையையும் வேலூர் வட்டாரத்தின் மருத்துவப் பதிவு, சங்க அகப்புற மரபு, தோல் தொழில் சார்ந்த புனைவு ஆகியவற்றின்வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தன்னயன்மை, ஆள்நீக்கம், மரத்தல், உவம உருபு, கையறுநிலை, நெஞ்சொடு கிளத்தல், தோல் தொழில், பாலாறு.

1. முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பாலாற்றுப் படுகையில் ஒரு தொழில் நிலப்பரப்பாக இணைந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிந்த பின்னரும், பச்சைத்தோலில் தொடங்கிக் காலணியில் முடியும் தொழில் இப்பகுதியை ஒன்றாகவே வைத்திருக்கிறது. இந்நிலப்பரப்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நீர் மாசு, ஏற்றுமதி, கூலி ஆகியவற்றையே பேசுகின்றன. இங்கு வாழ்வோரின் அகநிலை போதிய கவனம் பெறவில்லை.

தமிழில் 'மரத்துப்போதல்' என்னும் சொல் தோலுக்கும் உள்ளத்துக்கும் பொதுவானது. நெடுநேரம் மடக்கி அமர்ந்த கால் மரத்துப்போகிறது. தொடர்ந்து துயர் கண்ட மனமும் மரத்துப்போகிறது. தோலையே பிழைப்பாகக் கொண்ட ஒரு வட்டாரத்தில் இச்சொல்லின் இரு பொருள்களும் அருகருகே வருகின்றன. உணர்ச்சி மிகும்போது உள்ளம் தன்னை மரத்துப்போகச் செய்துகொள்வது ஒன்று. ஒருவரைப் பிறர் மரமாக நடத்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத திறனாய்வு, துன்புறுவோரைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர்களின் குரலைக் கேட்கத் தவறிவிடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஒரு சொல், இரு நிலைகள்

சுவிட்சர்லாந்துச் சிந்தனையாளர் ஆன்றி பிரெடெரிக் அமியேலின் நாட்குறிப்பில் 1880ஆம் ஆண்டு இச்சொல் ஆளப்பட்டது. பிரெஞ்சு உளவியலறிஞர் லூதோவிக் தூகா 1898இல் அதை மருத்துவக் கலைச்சொல்லாக ஆக்கினார். ஆக, இக்கலைச்சொல் ஓர் எழுத்தாளர் தம்மைத் தாமே நோக்கி எழுதிய குறிப்பிலிருந்து மருத்துவத்துக்குச் சென்றதாகும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு இந்நிலைக்கு ஓர் இன்றியமையாத வரையறையைத் தருகிறது. இந்நிலையில் இருப்பவருக்கு மெய்ம்மை அறியும் திறன் குன்றுவதில்லை. தம் கை தம்முடையதன்று என அவர் நம்புவதில்லை. அவ்வாறு தோன்றுகிறது என்றே உணர்கிறார். கடும் அச்சம், உறக்கமின்மை, அதிர்ச்சி ஆகியவற்றின்போது பலருக்கும் இது சிறிது நேரம் வந்து செல்வதுண்டு. நீடித்துத் தங்கும்போதே நோயாகக் கொள்ளப்படுகிறது. தாங்கவியலாத உணர்ச்சிப் பெருக்கிலிருந்து உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் ஆய்வாளர் இதனை விளக்குவர்.

மறுபுறம், கிறிஸ்டினா மஸ்லாக் 1981இல் வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோலில் இதே சொல், பணியாளர் தாம் தொண்டு செய்யும் மக்களை உணர்ச்சியற்று, பொருள்களைப் போல நடத்துவதைக் குறிக்கிறது. முன்னதில் துன்பம் உணர்பவருடையது. பின்னதில் துன்பம் நடத்தப்படுபவருடையது. 'ஆளுமையிழப்பு' என்று இரண்டையும் பெயர்த்தால், இழந்தவர் யார், இழக்கச் செய்தவர் யார் என்ற வினா மறைந்துபோகும். தன்னிடமே தான் அயலாகும் உணர்வைத் தன்னயன்மை என்றும், ஒருவரிடமிருந்து ஆள் என்னும் தகுதியைப் பிறர் பறிப்பதை ஆள்நீக்கம் என்றும் பிரிப்பது இக்காரணம் பற்றியே.

3. 'போல' செய்யும் பணி

மேற்கண்ட மருத்துவ வரையறை தமிழ் இலக்கண மரபினர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய உவமவியல் 36 உவம உருபுகளைத் தொகுத்துரைக்கிறது. உவமையும் பொருளும் ஒத்திருந்தும் வேறாகவே நிற்கின்றன என்பதற்கு உருபு சான்றாகிறது. தண்டியலங்காரம் கூறும் உருவகத்திலோ அவ்வேறுபாடு நீக்கப்பட்டு இரண்டும் ஒன்றாகின்றன.

தன்னயன்மையின் பேச்சு எப்போதும் உவமைப் பேச்சாகவே அமைகிறது. "என் கை என்னுது மாதிரியே இல்ல", "எல்லாம் சினிமா பாக்குற மாதிரி இருக்கு", "நான் தள்ளி நின்னு என்னையே பாக்குற மாதிரி இருக்கு" என்பன போன்ற தொடர்களில் 'மாதிரி' என்னும் பேச்சுவழக்கு உருபு தவறாமல் இடம்பெறும். அவ்வுருபைச் சொல்லும் வாய் இன்னும் தன்னை இழக்கவில்லை. உருபு நீங்கி, "இது என் கை இல்லை" என ஒருவர் உறுதியாக நம்பத் தொடங்கினால் நிலை வேறாகும். அப்போது மருத்துவரின் உடனடிக் கவனம் தேவைப்படும்.

இதனை இலக்கண நயமாக மட்டும் கொள்ளலாகாது. இந்நிலைக்குரிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, "எனக்குப் பித்துப் பிடிக்கிறதோ" என்ற அச்சமே தன்னயன்மையை நீடிக்கச் செய்கிறது என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அவ்வச்சத்துக்கு மறுமொழி துன்புறுபவரின் தொடரிலேயே உள்ளது. முறையீட்டை எழுதிக்கொள்பவர் 'மாதிரி'யை வெறும் அசையாகக் கருதி விட்டுவிட்டால், நோயறிதலுக்குரிய குறிப்பும் ஆறுதலுக்குரிய சான்றும் ஒருங்கே நீங்கிவிடும்.

4. வேலூரின் மருத்துவச் சான்று: வலி இழந்த கை

உடல் தன்னுடையதன்று என்ற உணர்வுக்கு உலகறிந்த சான்றொன்று வேலூரிலிருந்தே கிடைக்கிறது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் முறையை அங்கு வளர்த்தெடுத்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆய்வு மருத்துவ நிலையம் தொடங்கப்பெற்றது. விரல்கள் குறைவது தசை தானே அழுகுவதால் என்று அந்நாளில் கருதப்பட்டது. நரம்பு பாதிக்கப்பட்டு வலி அற்றுப்போவதால், காயமும் சூடும் உணரப்படாமல் போவதே சேதத்துக்குப் பெருங்காரணம் என்று பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். இரவில் உறங்கும்போது எலி விரலைக் கடித்தும் நோயாளிகள் விழிக்கவில்லை என்று கண்டறிந்து, அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்ததையும் அவர் பதிவு செய்துள்ளார்.

பிலிப் யான்சியுடன் இணைந்து 1993இல் பிராண்ட் வெளியிட்ட வலி பற்றிய நூலில் இக்கட்டுரைக்கு மிக வேண்டிய ஒரு செய்தி உள்ளது. உணர்விழந்த இளைஞர்கள் தங்கள் கைகால்களைத் தங்கள் பகுதியாகக் கருதவில்லை. பயன்படுத்தும் கருவிகளைப் போலவே அவற்றைக் கருதினர். பிராண்டை வருத்தியது புண்ணைவிட இந்த அயன்மையே. வலி என்பது துன்பம் மட்டுமன்று, உடலைத் 'தன்னது' ஆக்கும் பிணைப்பும் ஆகும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தொழுநோயில் நரம்பே பாதிக்கப்படுகிறது. தன்னயன்மையில் ஊறுணர்வு குன்றாதிருக்க, உரிமையுணர்வு மட்டும் தளர்கிறது. இரண்டின் காரணமும் வேறு. ஆயினும் பேச்சிலும் பராமரிப்பிலும் இரண்டுக்கும் ஒப்புமை உண்டு. வலியை மீட்டுத் தர இயலாதபோது, வலியின் பணியைக் கண்ணிடம் ஒப்படைப்பதே வேலூரில் கடைப்பிடித்த வழி. நாள்தோறும் கையையும் காலையும் உற்று நோக்குதல், நுண்துளை ரப்பர் பதித்த செருப்பணிதல் ஆகியவை வழக்கமாயின. 'உணர்' என்று யாரும் நோயாளியை வற்புறுத்தவில்லை, 'பார்' என்றனர். உலகுக்குக் காலணி தைக்கும் வட்டாரத்திலேயே, உணர்விழந்த பாதத்தைக் காக்கும் செருப்பும் உருவாயிற்று என்பது கருதத்தக்கது.

5. மரபு அறிந்த தாங்குமுறைகள்

உணர்ச்சிப் பெருக்கில் செயலற்றுப்போவதற்குப் புறத்திணை மரபு 'கையறுநிலை' என்று பெயரிட்டது. பாரி, அதியமான் முதலியோர் மறைவை ஒட்டிய புறநானூற்றுப் பாடல்கள் இத்துறைக்குப் புகழ்பெற்ற சான்றுகள். இப்பாடல்களில் இழந்தவர் தம் உள்ளத்தின் நிலையை நேரே விளக்குவது குறைவு. அவர் புறத்தே நிற்கும் ஒரு பொருளைப் பற்றிக்கொள்கிறார். பாரி மகளிர் சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் நோக்குகின்றனர் (புறம். 112). குடவாயிற் கீரத்தனார் பூத்து நிற்கும் முல்லையை நோக்கி வினவுகிறார் (புறம். 242). உணர்ச்சி மிக்குத் தன்னிலை தடுமாறும்போது கண்முன் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லுமாறு இன்றைய உளநல ஆலோசகர் பயிற்றுவர். அப்பயிற்சியும் கையறுநிலைப் பாடலும் ஒரே செயல் எனல் மிகையாகும். புறப்பொருளைப் பற்றி நிற்றல் என்னும் கூறு இரண்டுக்கும் பொது என்ற அளவில் கொள்வது பொருந்தும்.

அகமரபு மற்றொரு வழியைக் காட்டுகிறது. பாலையில் செல்லும் தலைவன் தன் நெஞ்சோடு உரையாடுகிறான். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' (125), 'நெஞ்சொடு புலத்தல்' (130) என இரு அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்துள்ளன. நெஞ்சு தன்னைவிட்டுப் பிரிந்து வேறொன்றாக நிற்பதாகக் கொள்வது இங்கு இலக்கிய வழக்கு. தன்னிலிருந்து தான் பிரியும் உணர்வை இம்மரபு உரையாடலாக மாற்றுகிறது. பிரிந்த நெஞ்சு விளிக்கத்தக்கதாக இருக்கும்வரை அது முற்றிலும் அயலன்று.

தனிமனிதச் சார்பு மிகுந்த பண்பாடுகளிலேயே தன்னயன்மை அதிகம் தோன்றுவதாகச் சியர்ரா–சீகெர்ட், டேவிட் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஒப்பாய்வு ஒன்று கருதுகிறது. இம்முடிவைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்தும் முன் ஒரு வினா எழுப்ப வேண்டும். 'நான் எனக்கு அயலாகத் தோன்றுகிறேனா' என்று கேட்கும் வினாநிரல், 'நெஞ்சு எங்கிட்ட இல்ல', 'மனசு மரத்துப்போச்சு' என்று பேசும் ஒருவரின் விடையைப் பிடிக்குமா? குறைவாகப் பதிவாவது குறைவாக இருப்பதற்குச் சான்றாகாது.

6. தோல் தொழிற்களத்தின் புனைவு: உருபு இல்லாத பெயரிடல்

தோல் தொழிலாளரைப் பற்றிய தமிழ்ப் புனைவுகளில் முதன்மையானது டி. செல்வராஜின் 'தோல்' (2010). சாகித்திய அகாதெமி விருது (2012) பெற்ற இந்நாவல் திண்டுக்கல் தோல் தொழிற்கூடங்களைக் களமாகக் கொண்டது. பாலாற்றுக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே தொலைவு மிகுதி எனினும் தொழிலும் சாதியடுக்கும் இரண்டையும் பிணைக்கின்றன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பும் இரு பகுதிகளையும் ஒருங்கே நோக்கியது. வேளாண்மைக்கு முற்றிலுமாகவோ பகுதியாகவோ பயன்படாமல் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்றும், திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 மாசுற்றன என்றும் அத்தீர்ப்பு பதிந்துள்ளது.

'தோல்' என்னும் தலைப்பில் உருபு இல்லை. தொழிலாளி தோல் போல ஆனான் என்று நாவல் சொல்லவில்லை. செய்யும் பொருளாலேயே மனிதரை அறியும் சமூகத்தின் பேச்சைத் தலைப்பு அப்படியே எடுத்து நிறுத்துகிறது. தீண்டாமையின் மொழியும் இவ்வாறே இயங்குகிறது. அது ஒருவரை இழிபொருளோடு ஒப்பிடுவதில்லை, இழிபொருளாகவே பெயரிடுகிறது. தன்னயன்மையில் துன்புறுபவர் தம்மைப் பற்றிச் சொல்லும் தொடரில் 'போல' இருக்கிறது. ஆள்நீக்கத்தில் பிறர் அவரைப் பற்றிச் சொல்லும் தொடரில் அது இல்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

இதற்கு நாவல் தரும் எதிர்வினையை அதன் அமைப்பில் காணலாம். ஓசேப்பு முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இதில் பெயரோடு வருகின்றனர். இப்பெருக்கம் வாசகருக்குச் சுமையாகலாம். பல பாத்திரங்கள் அகநிலை விளங்காமலே கடந்துபோகின்றனர் என்ற குறையும் கூறத்தக்கதே. எனினும் 'ஆட்கள்' என்று தொகையாகவே எண்ணப்பட்டோரை ஒருவர் ஒருவராகப் பெயரிட்டு அழைப்பது, ஆள்நீக்கத்துக்குப் புனைவு அளிக்கும் நேர்விடை. தொழிலாளர் சங்கமாகத் திரளுதல் நாவலின் கதைப்போக்கு. பெயரிடுதல் அதன் அறம்.

பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் புனைவுகள் பாலாற்று வட்டாரத்துக்கு நெருக்கமானவை. 'தகப்பன் கொடி' நிலத்தோடு பிணைந்த தலித் குடும்பம் அந்நிலத்தை இழப்பதைப் பேசுகிறது. 'வல்லிசை' பறையை மையமாகக் கொண்டது. பறையும் தோலே. ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட கடமையின் அடையாளமாகவும், அச்சமூகத்தின் கலையாகவும் அது ஒருங்கே நிற்கிறது. அடிக்க மறுப்பதா, அடித்துப் பெருமை கொள்வதா என்ற இருமை பறையைப் பற்றிய தலித் விவாதம் முழுவதிலும் உண்டு. அது தன்னயன்மையின் சிக்கலை வேறொரு தளத்தில் ஒத்திருக்கிறது. தன் கையில் உள்ளதைத் தன்னுடையதாக உணர்வதா, தன்மீது வைக்கப்பட்டதாக உணர்வதா என்பதே இரண்டிலும் வினா. இங்கு மரத்துப்போவதற்குக் காரணம் உள்ளத்துக்குள் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கியோர் உட்பட 10 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். பொது நினைவில் அவர்கள் இன்று ஓர் எண்ணாகவே எஞ்சியுள்ளனர். இவர்களுக்குத் தமிழில் கையறுநிலை பாடப்படவில்லை எனில், அது பாடுவோரின் உணர்ச்சிக் குறைவால் அன்று. பெயர் தெரியாதவருக்குப் புலம்ப இயலாமையால். ஆள்நீக்கம் உயிரோடிருப்போரின் தகுதியை மட்டுமன்றி, இறந்தோருக்குரிய துக்கத்தையும் பறிக்கிறது.

7. தாங்குமுறைகளை இடம் மாற்றுவதன் தீங்கு

இரு நிலைகளையும் ஒன்றெனக் கொள்வதால் இரு தவறுகள் நேர்கின்றன. சோடிக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று வீட்டில் அப்பர் தைக்கும் பெண், இரவில் தன் விரல்கள் தன்னுடையவை அல்லாதன போல் இருப்பதாகச் சொல்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது முதல் தவறு. அவருடைய உறக்கமின்மைக்கும் சோர்வுக்கும் கூலி முறை காரணமாயின், அது உளநலப் பயிற்சியால் தீராது. 'எல்லாம் சுரண்டலின் விளைவு' என்று விளக்கிவிட்டு, அவருடைய அச்சத்தைக் கேளாதிருப்பது இரண்டாம் தவறு. கூலி நாளை உயர்ந்தாலும் இன்றிரவு அவருக்குத் துணை தேவை. முற்போக்குத் திறனாய்வு பெரிதும் இரண்டாம் தவற்றையே செய்துவந்துள்ளது. உள்ளத்தின் துன்பத்தைச் சமூகக் குறியீடாக மாற்றும்போது, அதுவும் ஒருவகையில் 'போல'வை நீக்கிவிடுகிறது.

இதற்கு மாற்றும் இவ்வட்டாரத்திலேயே உண்டு. வேலூர் பாகாயத்தில் 1950களில் தோன்றிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்குப் பெயர்பெற்றது. கரிகிரியில் கண் செய்த பணியை இங்கு உறவினர் செய்கின்றனர். உடனிருந்து பார்ப்பவரும், பெயர் சொல்லி அழைப்பவரும் இருக்கும்போது, தளர்ந்த தன்னுணர்வுக்குப் புறத்தே ஒரு பிடிமானம் கிடைக்கிறது. குடும்பமே ஒடுக்குமுறையின் களமாகும் இடங்களில் இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலூரில் நிகழ்ந்த மனநல ஆய்வுகள், நோயர் தம் துன்பத்துக்கு நோய், ஊழ், செய்வினை முதலிய பல விளக்கங்களை ஒரே நேரத்தில் கொள்வதைப் பதிவு செய்துள்ளன. ஆகவே உள்ளம், சமூகம் என்ற இரண்டில் ஒன்றையே தேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஆய்வாளருடையதே, துன்புறுவோருடையதன்று.

8. முடிவுரை

- தன்னயன்மையும் ஆள்நீக்கமும் வேறு வேறு நிலைகள். தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இவ்வேறுபாட்டைக் காக்க வேண்டும்.
- தன்னயன்மையின் பேச்சில் 'போல', 'மாதிரி' ஆகிய உருபுகள் மெய்யுணர்வு குன்றாமைக்குச் சான்று. முறையீட்டைப் பதிவோரும் மொழிபெயர்ப்போரும் அவற்றை விடலாகாது.
- மரத்த உடலை 'உணர்' என வற்புறுத்தாமல் 'பார்' எனக் கற்பித்த வேலூர் மருத்துவ மரபும், புறப்பொருளைப் பற்றி நிற்கும் கையறுநிலை மரபும், நெஞ்சை விளிக்கும் அகமரபும் தன்னயன்மையைத் தாங்கும் வழிகளை உணர்த்துகின்றன.
- ஆள்நீக்கத்துக்கு அவ்வழிகள் போதா. பெயரிடுதல், திரளுதல், உரிமை கோருதல் ஆகியவையே அதற்கு விடை. 'தோல்' நாவலின் பாத்திரப் பெருக்கத்தை இந்நோக்கில் மறுவாசிப்புச் செய்யலாம்.

பாலாற்றங்கரைத் தொழிலாளர் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் 'மாதிரி'யை முழுமையாகக் கேட்பதும், அவரைப் பற்றிப் பிறர் சொல்லும் தொடரில் இல்லாத 'போல'வைச் சுட்டுவதும் திறனாய்வாளரின் இருவேறு கடமைகள். ஒன்றைச் செய்தமையால் மற்றொன்று நிறைவேறிவிட்டதாகக் கொள்ள இயலாது.